மூட்டைக்குள் சூடு

17

ஷெட் எரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் வயிறாரச் சாப்பிடவில்லை. சாரதாமணியின் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. பரிமாறும்போது முகம் பார்த்துப் பேச ஆளில்லாத வீட்டில் எந்தக் குழம்பும் இறங்காது.

இரவல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் பத்திரிகையைத் திருப்பித் தராததால் நடுவில் ஒரு வாரக் கதையைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் லிங்கசாமிக்கு ஒரே தம்பி ஆத்தப்பன். கம்பெனியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கப் பிடிக்காமல், பின்கட்டு ஷெட்டில் மர பெஞ்சு செய்யக் கிளம்பியவன். கூடத்தில் போட்டுத் துடைத்து வைக்கிற பெஞ்சு அல்ல, வெயிலிலும் மழையிலும் வெளியே கிடக்கிற பெஞ்சு. பருத்தி அரைக்கிற பழைய ஜின்னிங் ஃபாக்டரி ஒன்றை இடித்தபோது வந்த தேக்கு உத்திரங்களை வாங்கி அறுத்து, பல்லடம் ரோட்டில் வரப்போகிற புதுப் பூங்காவுக்கென்று செய்துகொண்டிருந்தான்.

போன செவ்வாய்க்கிழமை அண்ணன் தன் நூல் மூட்டைகளைக் கொண்டுவந்து அந்த ஷெட்டில் அடைத்தான். தம்பிக்கு நின்று வேலை செய்ய இடமில்லாமல் போயிற்று. பேச்சு தடித்தது. "இந்தச் செட்டு எரிஞ்சு போனாத்தான் ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்று ஆத்தப்பன் ஒரு வார்த்தையை விட்டான். தெருவே கேட்டது. அன்று பொழுது இறங்குகிற நேரத்துக்கு ஷெட் எரிந்தது. நூல் அத்தனையும் சாம்பல். வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாக நின்ற பெஞ்சுகளுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை.

"உன்ற பெஞ்சையெல்லாம் முன்கூட்டியே வெளிய எடுத்து வெச்சுட்டு, என்ற நூலுக்கு நெருப்பு வெச்சியாடா?" என்று லிங்கசாமி நடுத்தெருவில் நின்று கேட்டான்.

ஆத்தப்பன் பதில் சொல்லவில்லை. அவன் மனைவி பூவாத்தாள் சொன்னாள். "நெருப்பு வெச்சவன் பொண்டாட்டிங்கற பேரோட இந்த ஊட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்." சொன்ன கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அருள்புரத்துக்கு, அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. மத்தியானத்துக்கு மேல் பெஞ்சுகளைப் பார்க்கப் பூங்கா ஓவர்சீயர் வருகிறார். அதற்கு முன்னால் பாகம் பேசி முடித்துத் தம்பியை வெளியேற்றிவிட வேண்டும் என்று லிங்கசாமி, தெருவுக்குப் பெரியவரான சுப்பண்ணனை வரச் சொல்லியிருந்தான். நல்லது கெட்டது இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வது அவன் வழக்கம்.

சாரதாமணி காலையில் பின்கட்டுக்கு வந்தபோது ஆத்தப்பன் கடைசி பெஞ்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பலகை கன்னம் போல வழவழவென்றிருந்தது. கையில் பனியன் வேஸ்ட். அதை எண்ணெயில் தோய்த்து, மர ரேகை போகிற போக்கிலேயே அழுத்தித் தேய்த்தான்.

"தம்பி, இட்லி கொண்டாந்திருக்கறேன். வெச்சுட்டுப் போகட்டுமா?"

"வேண்டாமுங்க நங்கையா."

அண்ணியை அவன் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. அன்றிலிருந்து அவன் கோபம், பசி, பொய் எல்லாவற்றையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கத் தெரிந்தவள். அவன் நெருப்பு வைக்கவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நிச்சயம் இருந்து என்ன, ருசு இல்லையே.

"அண்ணன் கேட்டப்ப ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருக்கலாமல்ல?"

"கேக்கறவங்க நம்பறதுக்குக் கேட்டாச் சொல்லலாமுங்க."

"பெஞ்சை எதுக்கு வெளிய எடுத்து வெச்சேன்னாவது சொல்லியிருக்கலாம்."

"காத்தாடக் காயோணும்னு வெச்சனுங்க. அத தெருவுல நின்னு சொன்னா ஆருங்க நம்புவாங்க?"

அதுவும் சரிதான். இந்த எண்ணெய் விஷயம் வீட்டில் ஏற்கெனவே சிரிப்பாய்ச் சிரித்த கதை. முதன்முதலில் செய்த பெஞ்சுக்கு, தோட்டத்தில் விளைகிறதே என்று செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைத் தடவினான் ஆத்தப்பன். வாரக்கணக்கில் வெயிலில் போட்டும் அது காயவில்லை. கம்பெனியிலிருந்து பறந்து வந்த பஞ்சுத்தூள் முழுக்க அதில் ஒட்டிக்கொண்டு பெஞ்சுக்கு முடி முளைத்துவிட்டது. "தம்பி ஆடு செஞ்சிருக்கறான், பால் கறக்குமா பாருங்க" என்று லிங்கசாமி கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அதற்குப் பிறகுதான் ஆத்தப்பன் கோயம்புத்தூர் போய் விசாரித்து, ஆளிவிதை எண்ணெய் வாங்கி வந்தான். அது மரத்துக்குள் இறங்கி, அங்கேயே காய்ந்து இறுகிவிடும். தண்ணீர் உள்ளே போகாது.

சாரதாமணி இட்லிப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். நேற்று சாயங்காலம் தேய்த்த துணி, இன்றைக்குத் தேய்த்த துணி, எல்லாம் வேலி மேலும் தரையிலுமாகக் கிடந்தன.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. தரையில் பத்து ரூபாய் கிடந்தால் யாருடையதோ என்று தாண்டிப் போனாலும் போவார்கள். பனியன் துண்டு கிடந்தால் குனியாமல் போக மாட்டார்கள். வேஸ்ட் என்று பேர் வைத்தார்களே தவிர, அதை வீணாக்கிய ஆள் இந்த ஊரில் கிடையாது. பொறுக்கி, சாக்கில் திணித்து, காலால் மிதித்து, வாயை இறுக்கிக் கட்டி எடைக்குப் போடுவார்கள். லிங்கசாமியின் கம்பெனியில் அது சட்டமே. அந்தச் சட்டத்தில் பதினைந்து வருஷமாக வாழ்கிற சாரதாமணியின் கை சும்மா இருக்குமா?

பொறுக்கினாள். சாக்கில் திணித்தாள். மிதித்துக் கட்டி, மாட்டுக்கொட்டாய் ஓரத்து நிழலில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் ஆத்தப்பன் கொல்லைப்புறக் கதவருகே வந்து நின்றான். "நங்கையா, துடைக்க ஒரு துணி வேணுமுங்க. போட்டிருந்ததெல்லாம் காணம்."

"எல்லாம் சாக்குல இருக்குது. இரு, எடுத்தாறேன்."

கட்டை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டவள் வெடுக்கென்று வெளியே இழுத்தாள்.

இட்லிக் கொப்பரையின் மூடியைத் தொட்ட மாதிரி இருந்தது.

முதலில் ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். விரல்களைப் பார்த்தாள், கடி இல்லை. மறுபடி மெதுவாகக் கையை விட்டாள். மேலே சாதாரணமாக இருந்தது. நடு மூட்டைக்குப் போகப் போகச் சூடு ஏறியது. வெயில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் அடுப்பு இல்லை.

சாரதாமணி சாமளாபுரத்துப் பக்கம் காடு கழனியோடு வளர்ந்தவள். ஈரம் காயாமல் வைக்கோல் போர் வேய்ந்தால் உள்ளுக்குள்ளே வெந்து கறுத்துப்போகும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் அப்பன் போருக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "பிரிச்சுப் போடுங்கடா" என்று ஆட்களை விரட்டியதைப் பார்த்திருக்கிறாள்.

பிரித்துப் போடாவிட்டால் என்ன ஆகும்?

அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கும் மத்தியானம் இதே போலத் துணிகள் சிதறிக் கிடந்தன. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் அவற்றைப் பொறுக்கினாள். சாயங்காலம் வேஸ்ட் எடுக்க சுப்பண்ணன் வருவார் என்று இறுக்கிக் கட்டி, ஷெட்டுக்குள்ளே கொண்டுபோய், நூல் மூட்டைகளுக்கு நடுவில் செருகி வைத்தாள்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. எது எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"என்னுங்க நங்கையா, என்ன ஆச்சு?"

"கையை உள்ள உடு, தம்பி."

ஆத்தப்பன் கையை விட்டான். அவன் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையை வெளியே எடுத்து எண்ணெய் வாசனையை முகர்ந்து பார்த்தான்.

"இது காயற எண்ணெயாச்சுங்களே. காயறப்பவே சூடு உடுது போல. வேலி மேல கெடந்தா காத்து அள்ளிட்டுப் போயிருது. கட்டி வெச்சா..."

"கட்டி வெச்சது நானு."

"அத ஆருகிட்டயும் சொல்லாதீங்க."

"ஏன்?"

"அண்ணன் உங்களைச் சும்மா உடாது. அத்தனை நூலும் போயிருக்குது. நான் எப்படியும் போறவன். பழி என்ற மேலயே இருந்துட்டுப் போகுதுங்க."

சாரதாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம், வந்தால் குரல் உயராது, இறங்கும்.

"நீ பெருந்தன்மையா பழியைச் சொமந்துட்டுப் போயிருவே. அருள்புரத்துல ஒருத்தி உக்காந்திருக்கறாளே, அவ என்ன பாவம் பண்ணுனா? நாளைக்கு அவ வயித்துல ஒண்ணு பொறந்தா, அதையும் நெருப்பு வெச்சவன் புள்ளைன்னுதான சொல்லுவாங்க? பேசாம அந்த ஓரமாப் போய் உக்காரு."

கூடத்தில் லிங்கசாமியும் சுப்பண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பண்ணன் வேஸ்ட் வியாபாரி. ஊரில் பாதிக் கம்பெனிகளின் துண்டுத் துணி அவர் குடோனுக்குத்தான் போகும். பேச்சுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரா, யோசிக்கிறாரா என்று அவர் வீட்டம்மாவுக்கே தெரியாது.

"ஏனுங்க, பாகம் பேசறதுக்கு முன்னால ஒரு நாயம் சொல்லோணும்" என்றாள் சாரதாமணி.

"அப்பறம் சொல்லு."

"அப்பறம் சொன்னா பிரயோசனம் இல்லீங்க. செட்டுல நெருப்புப் பிடிச்சது என்னாலதான்."

லிங்கசாமி நிமிர்ந்து பார்த்தான். சுப்பண்ணன் கண்ணைத் திறந்தார்.

அவள் நின்றபடியே சொன்னாள். துணி பொறுக்கியது, மிதித்துக் கட்டியது, நூலுக்கு நடுவில் செருகியது, இன்றைக்குக் கையில் சுட்டது. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் லிங்கசாமி சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கொழுந்தன் மேல பாசம் இருக்கலாம், சாரதா. அதுக்காக இப்படியா? துணி தானா எரியும்ன்னா திருப்பூர்ல ஒரு கம்பெனி மிஞ்சியிருக்குமா?"

"வந்து கையை உட்டுப் பாருங்க."

வந்தான். கையை விட்டான். சூடு இருக்கத்தான் செய்தது. ஆனால் லிங்கசாமி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவ்வளவு சீக்கிரம் இறங்குகிற ஆள் இல்லை.

"சூடு வேற, நெருப்பு வேற. சோத்துப் பானைகூடச் சுடும், பத்திக்குதா?"

"அப்ப பாத்தரலாமுங்க. மூட்டையை மறுபடி கட்டறேன். நூல் போடற இரும்பு டிரம்முல வெச்சு, நடுவாசல்ல நிறுத்தறேன். ஆரும் கிட்டப் போக வேண்டாம். பொழுது இறங்கறதுக்குள்ள ஒண்ணும் ஆகலீன்னா தம்பி போகட்டும், நானும் ஒண்ணும் பேசல."

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா, தெருவுல சொன்ன வார்த்தைக்கு நீங்க வழி சொல்லோணும்."

சுப்பண்ணன் தொண்டையைச் செருமினார். "அந்தப் புள்ள சொல்றது நாயமாத்தான் இருக்குது, லிங்கசாமி. நூல் போனது போச்சு. ஒரு மத்தியானம் போனா என்ன?"

மூட்டையை மிதித்துக் கட்டினாள். இந்தத் தடவை செவ்வாய்க்கிழமையைவிட இறுக்கமாக. டிரம்முக்குள் கிழிந்த சாக்குகளுக்கு நடுவே அதை வைத்தாள். ஆத்தப்பன் யாரும் சொல்லாமலே எழுந்து, வாசலின் அந்தக் கோடியில் கிணற்றுப் பக்கம் போய் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார்ந்தான். லிங்கசாமிக்குக் காவலை யாரிடமும் ஒப்படைக்க மனமில்லை. உட்கார இடம் தேடினான். வாசலில் இருந்ததெல்லாம், ஓவர்சீயர் பார்ப்பதற்காகக் கொண்டுவந்து போட்டிருந்த தம்பியின் பெஞ்சுகள்தான். வேறு வழியில்லாமல் ஒன்றில் உட்கார்ந்தான். முடி முளைத்த பெஞ்சைப் பார்த்துச் சிரித்தவன், தம்பியின் மரத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. முதுகுக்கு வாட்டமாக இருந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

நேரம் போயிற்று. டிரம் டிரம்மாகவே நின்றது. கம்பெனி ஆட்கள் சாப்பாட்டுக்குப் போகிற சாக்கில் வந்து எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் மிளகாய் காயப் போடுகிறேன் என்று தன் மொட்டை மாடிக்கு வந்து, மிளகாயை மறந்துவிட்டு நின்றாள். சுப்பண்ணன் கண்ணை மூடினார், இந்த முறை குறட்டையே வந்தது.

சாரதாமணி சமையல்கட்டு வாசற்படியில் நின்றாள். முருகா, என் வீட்டு ஷெட்டை நான் எரித்தது நிஜமென்று காட்டு என்று வேண்டிக்கொண்டாள். இப்படி ஒரு வேண்டுதலை அந்த முருகன் இதற்கு முன்னால் கேட்டிருக்க மாட்டான்.

"போதும், சாரதா" என்றான் லிங்கசாமி கடைசியில். "தாராபுரத்து ஜோசியன் சொன்ன மழை மாதிரி வராமலே இருக்குது உன்ற நெருப்பு. சுப்பண்ணா, எந்திரிங்க, பேச்சை முடிச்சிருவோம்."

அந்த நேரம் பார்த்து வெளியே ஜீப் சத்தம் கேட்டது. ஓவர்சீயர் வந்துவிட்டார்.

அவர் அதிகம் பேசாதவர். குடும்பத்தில் என்ன நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. நேராகப் பெஞ்சுகளிடம் போனார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி, அதைப் பலகை மேல் அப்படியே கவிழ்த்தார். தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு, பலகைகளுக்கு நடுவில் விட்டிருந்த இடைவெளியில் இறங்கிப் போயிற்று. விரலால் தடவிப் பார்த்தார். பலகை உலர்ந்திருந்தது.

"வார்னிஷ் போடலையா?"

"இல்லீங்க" என்று ஆத்தப்பன் எழுந்து வந்தான். "வார்னிஷ் மேலயே நிக்குமுங்க. நம்மூரு வெயிலுக்கு ஒரே வருசத்துல தோல் உரிஞ்சாப்பல உரிஞ்சிரும். அந்த வெடிப்புல தண்ணி எறங்கினா மரம் போச்சு. எண்ணெய்ன்னா உள்ள எறங்கி நின்னுக்குமுங்க."

ஓவர்சீயர் பெஞ்சைத் தலைகீழாகப் புரட்டச் சொன்னார். கால்களின் அடி கறுப்பாக இருந்தது.

"தாரா?"

"ஆமாங்க. மண்ணுல படற எடத்துலதானுங்க கரையான் ஏறும். அடி மரத்தைத் தாருல முக்கி எடுத்திருக்கறேன். வருசா வருசம் மழைக்கு முன்னால தூசியைத் தொடச்சு ஒரு கை எண்ணெய் போட்டீங்கன்னாப் போதும். உங்க பேரம்பேத்தி வந்து உக்காருவாங்க."

"அதைப் போட எங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

ஆத்தப்பன் வாயைத் திறந்தான். ஆனால் பதில் வருவதற்குள் ஓவர்சீயர் மூக்கைச் சுளித்தார்.

"என்னமோ தீயுற வாசனை வருதே."

சாரதாமணி அதற்குள் படியிறங்கி ஓடி வந்திருந்தாள். எள்ளை வறுக்கப் போட்டு மறந்துவிட்ட மாதிரி ஒரு காட்டமான வாசனை. டிரம்மின் வாயில் நூலிழை போலப் புகை எழுந்தது. காற்றில் கலைந்தது, மறுபடி எழுந்தது. இப்போது ஒரு இழை அல்ல, ஒரு கற்றை.

லிங்கசாமி பெஞ்சிலிருந்து பாதி எழுந்த நிலையில் நின்றான்.

சுப்பண்ணன்தான் ஒரு நீண்ட குச்சியை எடுத்து மூட்டையைக் குத்தினார். சாக்கு கிழிந்தது. உள்ளே காற்றுப் பட்டதுதான் தாமதம், குபீரென்று நெருப்பு டிரம்மின் வாய்க்கு மேலே ஏறியது. மொட்டை மாடியிலிருந்து நஞ்சம்மாள் "அட சாமி" என்று அலறினாள்.

தீக்குச்சி இல்லை, பீடி இல்லை, ஆத்தப்பன் பத்தடி தள்ளி ஓவர்சீயர் பக்கத்தில் நிற்கிறான். வாசலில் இருந்த அத்தனை கண்ணும் பார்த்தது.

சாரதாமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த முறை அதில் பயம் இல்லை. ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரே கூத்தாக இருந்தது.

சுப்பண்ணன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "செவ்வாக்கெழம பொழுதோட அந்த மூட்டையை எடுத்துட்டுப் போக நான்தான் வர்றதா இருந்தது. வண்டி மாட்டுக்குச் சீக்குன்னு வரல. வந்திருந்தா..." தன் குடோனை நினைத்துக்கொண்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

லிங்கசாமி தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து டிரம்முக்குள் ஊற்றினான். புகை முகத்தில் அடித்தது. நகராமல் நின்றான். கண் கலங்கியதற்குப் புகைதான் காரணமா என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

திரும்பி மனைவியைப் பார்த்தான். இதோ இடி விழப்போகிறது என்று சாரதாமணி நின்றாள்.

"வேஸ்டு ஒரு துண்டு தரையில கெடக்கக் கூடாதுன்னு சொன்னதே நான்தான்" என்றான். "நீ கட்டுனதுக்கு நான் என்னத்தைச் சொல்றது."

பிறகு தம்பியிடம் போனான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பெஞ்சின் கைப்பிடியில் வைத்தான்.

"ஆத்தப்பா, வந்து சாப்பிடு."

"சாப்பிடறேனுங்கண்ணா. பூவாத்தா வந்தப்பறம்."

"போய்க் கூட்டிட்டு வா. மோட்டார் சைக்கிளை எடுத்துக்க."

"அதுக்குத் தம்பி போக முடியாதுங்க" என்றாள் சாரதாமணி. அவளுக்கே தன் குரல் ஆச்சரியமாக இருந்தது. "ஒருத்தர் வார்த்தைக்காக ஊட்டை உட்டுப் போனவளை, அந்த வார்த்தையைச் சொன்னவங்கதான் போய்க் கூப்பிடோணும். நம்ம பக்கத்து மொறை உங்களுக்குத் தெரியாததா?"

லிங்கசாமிக்குத் தெரியும். பூவாத்தாளின் அப்பன் ராக்கியப்பனோடு, கல்யாணப் பந்தலில் மரியாதைக் குறைவு என்று பேச்சை நிறுத்தியவன் அவன். அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று சொன்னதும் அவன்தான். சொல்லிச் சொல்லியே தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொண்ட மனிதன்.

ஓவர்சீயர் மெல்ல ஆத்தப்பனின் தோளைத் தொட்டு, "பெஞ்செல்லாம் நாளைக்கே வண்டியில ஏத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல சேதி, ஆனால் யாரும் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. எல்லோரும் லிங்கசாமியையே பார்த்தார்கள்.

அவன் உள்ளே போனான். சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தம் கேட்டதும், நஞ்சம்மாள் மாடியில் நின்றபடியே தெருவுக்குச் சேதி சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அருள்புரத்தில் ராக்கியப்பன் வீட்டு எதிரில் தெருக்குழாய். சாயங்காலத் தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். லிங்கசாமி வண்டியை நிறுத்தினான். உள்ளே போகவில்லை, தெருவிலேயே நின்றான்.

ராக்கியப்பன் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் பூவாத்தாள்.

"வாங்க" என்றார் ராக்கியப்பன். முகத்தில் ஒன்றும் இல்லை.

"வர்றேனுங்க. அதுக்கு முன்னால இங்கயே ஒண்ணு சொல்லோணும்." குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. "நெருப்பு என்ற தம்பி வெக்கலீங்க. எண்ணெய்த் துணி மூட்டை தானாப் பத்திக்கிச்சு. நானே கண்ணால பாத்துட்டேன். தெருவுல நின்னு அவனைச் சொன்னேன். அதனால தெருவுல நின்னே சொல்றேன். தப்பு என்ற வாய் மேல. கண்ணு, நீ ஊட்டுக்கு வரோணும்."

பூவாத்தாள் உள்ளே போனாள். லிங்கசாமி வண்டியில் சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரத்தில் பித்தளைச் சொம்பில் தண்ணீரோடு வந்து, அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் கையை நீட்டினான். அவள் சொம்பை விடவில்லை.

"வர்றேனுங்க. ஆனா இனி அவுங்க உங்க கம்பெனிப் பின்கட்டுல ஒதுங்கி வேலை செய்யக் கூடாதுங்க. எரிஞ்சுதே செட்டு, அந்த எடத்தை அவுங்க பேருக்கே குடுத்துருங்க. அவுங்க எரிச்சாங்கன்னு சொன்ன எடத்துலயே அவுங்க பேரு போட்ட பலகை நிக்கோணும்."

"பூவாத்தா" என்று ராக்கியப்பன் அதட்டினார்.

"இருங்கப்பா. கேக்க வேண்டியதை இப்பக் கேக்காம எப்பக் கேக்கறது?"

குழாயடிப் பெண்கள் ஓரடி கிட்டே வந்தார்கள். லிங்கசாமி அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாள் தலை நிமிராமல் அவனுக்குப் பரிமாறிய பெண்ணா இது? அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டியில் வந்த வழியெல்லாம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கி, சந்தோஷம்தான் வந்தது. நம் வீட்டுக்கு வாழ வந்தவள் நம்மிடமே நிமிர்ந்து கேட்கிறாளே என்று ஒரு பெருமைகூட வந்தது.

"குடுத்தேன்" என்றான், தெருவுக்கே கேட்கும்படி. "பலகையை நானே ஆணி அடிச்சு மாட்டறேன்."

பூவாத்தாள் சொம்பை விட்டாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான். ராக்கியப்பன் வந்து அவன் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப் போனார். பெண்கள் சிரிக்கிற சத்தம் வீட்டுக்குள்வரை கேட்டது. பூவாத்தாள் பெட்டியை எடுத்து, மடித்து வைத்திருந்த சேலைகளை அடுக்க ஆரம்பித்தாள். முகம் கொள்ளாத சிரிப்பு அவளுக்கு.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் லிங்கசாமிக்கு அது உறைத்தது. தம்பி போகத்தானே போகிறான் என்று, அந்த எரிந்த இடத்தை நிட்டிங் மெஷின் போட நேற்றுத்தான் இன்னொருவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தான். அவர் நாளைக் காலையில் புதுக் கட்டடத்துக்குக் கடைக்கால் பறிக்க ஆட்களோடு வருகிறார்.

அவர் சாரதாமணியின் கூடப் பிறந்த அண்ணன்.